முடிவு நாள் எழுதப்படாத மாத்திரை

(முதியோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் கலந்துகொண்ட மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்க மாத்திரைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள்மேல் குற்றம் சுமத்த நான் வரவில்லை. ஊரெல்லாம் உறங்கும்போது கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவருடைய வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரு சாவு விழுந்த வாரத்தில், பெரிய அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில், ஒரு மாத்திரை கைகொடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. என் கவலை, சில நாட்களுக்கு என்று தொடங்கிய மாத்திரை மாதங்களைக் கடந்து வருடங்களாக நீடிப்பதைப் பற்றியது.

உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாத்திரையின் பெயர் இருக்கும். எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். இரவு ஒன்று என்று இருக்கும். என்றைக்கு நிறுத்த வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. விடுபட்டுப்போன அந்த ஒரு வரியால் என்னென்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

இந்த மாத்திரைகளின் வரலாற்றில் ஒரே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. முந்தையதைவிடப் பாதுகாப்பானது என்ற வாக்குறுதியோடு புதிய மாத்திரை வருகிறது. அதன் ஆபத்து வெளியே தெரிவதற்குள் லட்சக்கணக்கானவர்கள் அதைச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

1903-இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மெரிங்கும் பார்பிட்டால் என்ற வேதிப்பொருளுக்குத் தூங்கவைக்கும் ஆற்றல் உண்டு என்று அறிவித்தார்கள். அது 'வெரோனல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் வழியில் வந்த பார்பிச்சுரேட் மருந்துகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகத்தைத் தூங்கவைத்தன. ஆனால் தூங்கவைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்திவிடும் அளவுக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகக் குறுகலானது. 1962-இல் நடிகை மர்லின் மன்றோவின் உயிரைப் பறித்ததும் இந்த வகை மருந்துதான்.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு வந்தது. பார்பிச்சுரேட்போல உயிருக்கு ஆபத்தில்லாத தூக்க மருந்து என்று சொல்லியே அதை விற்றார்கள். கருவுற்ற பெண்களும் அதை நம்பிச் சாப்பிட்டார்கள். கை கால்கள் முழுமையாக வளராத 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, பாதுகாப்புக்கான சான்று போதாது என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்ததால் அந்த நாடு பேரழிவிலிருந்து தப்பியது. ஒரு தூக்க மருந்துக்காக உலகம் கொடுத்த விலை அது.

அடுத்து வந்தவை பென்சோடயசெபைன்கள். லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசெபாக்சைடு 1960-இலும், டயசெபம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. இன்று நம் வீடுகளில் புழங்கும் அல்பிரசோலம், லோரசெபம், நைட்ரசெபம், குளோனசெபம் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். தனியாகச் சாப்பிட்டால் பார்பிச்சுரேட் அளவுக்கு இவை மூச்சை நிறுத்துவதில்லை. அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் இவை விடாமல் பற்றிக்கொள்ளும் என்பது தெரிய இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுரைக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நம் மருந்துச் சீட்டுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு சோல்பிடெம் வந்தது. அமெரிக்காவில் 1992-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. வேதி அமைப்பு வேறு. அதனால் பழைய குறைகள் இதற்கு இல்லை என்று பலரும் நம்பினார்கள். ஆனால் மூளையில் இது போய் அமரும் இடம் அதே இடம்தான்.

அந்த இடம் எது? நம் மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. நரம்புச் செல்களின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் காபா வந்து சேரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, அதன் அடக்கும் ஆற்றலைப் பெருக்குகின்றன. கண் செருகுவது மட்டுமா நடக்கிறது? தசை தளர்கிறது. நடையின் சமநிலை குறைகிறது. புதிய நினைவுகள் பதிவது தடைப்படுகிறது. மூச்சின் வேகமும் மட்டுப்படலாம். தூக்கத்தை மட்டும் தேடிப் போய்த் தொடும் மாத்திரை இதுவன்று. மூளை முழுவதும் பரவி வேலை செய்கிறது. பென்சோடயசெபைன்கள், உடல் களைப்பு நீங்கத் தேவையான ஆழ்ந்த உறக்கக் கட்டத்தைக் குறைத்தும் விடுகின்றன.

இவ்வளவுக்கும் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். சோல்பிடெம் வகை மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் நிறுவனங்கள் கொடுத்த சோதனை விவரங்களைத் தொகுத்து, 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, உண்மை மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். 22 நிமிடம்! அறுபது வயதைக் கடந்தவர்களைப் பற்றி 2005-இல் வந்த தொகுப்பாய்வு இன்னும் கண்ணைத் திறக்கிறது. தூக்க மாத்திரை கொடுக்கப்பட்ட பதின்மூன்று பேரில் ஒருவருக்கே அதனால் தூக்கத்தின் தரம் கூடியது. ஆறு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு வந்தது. பெரியவர்களே, நன்மை கிடைக்கும் வாய்ப்பைவிடத் தீங்கு வரும் வாய்ப்பு உங்கள் வயதில் இரண்டு மடங்கு.

இனி பக்கவிளைவுகளுக்கு வருவோம். பாதி இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்காத முதியவர் உண்டா? சர்க்கரை நோய் உள்ளவர், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், இவர்கள் எல்லாரும் எழுந்தாக வேண்டும். உடம்பில் மாத்திரையின் வேகம் குறையாத நேரத்தில், இருட்டில், ஈரமான குளியலறைத் தரையில் கால் வைக்கிறார்கள். விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சில் சளி என்று தொடர்ந்து, அதுவரை சொந்தக் காலில் நடமாடியவர் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வருகிறார். இதனால்தான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பராமரிக்கும் பியர்ஸ் பட்டியல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் பென்சோடயசெபைன்களையும் சோல்பிடெம் வகையையும் சேர்த்திருக்கிறது. வயதாக ஆக, கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகம் குறைகிறது. டயசெபம் போன்ற மருந்து முழுவதும் வெளியேற நாட்கணக்கில் ஆகும். நேற்றைய மாத்திரை வெளியேறுவதற்குள் இன்றைய மாத்திரை உள்ளே போகிறது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, அப்பா பகலெல்லாம் சோர்ந்தே கிடக்கிறார் என்று வருந்தும் பிள்ளைகள், அதை வயதின் தலையில் போடுவதற்கு முன்பு மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

இது முதியவர்களுக்கு மட்டுமான தொல்லை என்று இளையவர்கள் எண்ண வேண்டாம். 2013 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 10 மில்லிகிராம் சோல்பிடெம் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழிந்த பிறகும், சுமார் 15 சதவீதப் பெண்களின் இரத்தத்தில் வண்டி ஓட்டும் திறனைக் குலைக்கக்கூடிய அளவுக்கு மருந்து மிச்சமிருந்தது. ஆண்களில் அது சுமார் 3 சதவீதம். பெண்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாக வெளியேறுகிறது. எனவே பெண்களுக்கான அளவை 10-இலிருந்து 5 மில்லிகிராமாக, சரிபாதியாகக் குறைத்தார்கள். மருந்து சந்தைக்கு வந்து இருபது வருடங்கள் ஆன பிறகு! அடுத்த வருடம் எஸோபிக்ளோன் என்ற மாத்திரையின் தொடக்க அளவையும் குறைத்தார்கள். இரவு அதைச் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணி நேரம் வரை தடுமாற்றம் இருக்கக்கூடும் என்பதும், தமக்குத் தடுமாற்றம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதும் கண்டறியப்பட்டது. காலையில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கிளம்பும் தாய்மார்களும், அதிகாலை ஷிப்டுக்கு வேன் எடுக்கும் ஓட்டுநர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்ற உணர்வை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

இதைவிட அச்சமூட்டும் விளைவு ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டுத் தூங்கியவர் முழு விழிப்பு இல்லாமலேயே எழுந்து நடப்பார், அடுப்பைப் பற்றவைப்பார், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். காலையில் கேட்டால் எதுவுமே நினைவிருக்காது. 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோல்பிடெம், எஸோபிக்ளோன், சாலெப்லான் ஆகிய மூன்றுக்கும் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. அதற்கு முந்தைய 26 வருடங்களில் அவர்கள் பதிவு செய்திருந்த கடும் நிகழ்வுகள் 66. அவற்றில் 20 பேர் இறந்திருந்தார்கள். எண்ணிக்கையில் இது அரிதானதுதான். ஆனால் குறைந்த அளவிலும், முதல் மாத்திரையிலேயேகூட இது நடந்திருக்கிறது. ஒருமுறை இப்படி நடந்தவர் அந்த மாத்திரையை மறுபடி தொடவே கூடாது.

எந்தெந்தச் சேர்க்கை ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுவும் இதே காபா ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. குடித்துவிட்டு மாத்திரை போடுவது மூச்சோடு விளையாடுவது. டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு பென்சோடயசெபைன் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். 2016-இலேயே அமெரிக்காவில் இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்துவிட்டது. பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுகிறவருக்கு இருப்பது உறக்க மூச்சுத்திணறல் நோயாக இருக்கலாம். அவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துகொள்ளும், சிலருக்கு முற்றும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் அப்படியே. கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சாப்பிடக் கூடாது. தூக்கம் வரும் என்பதற்காகச் சளி மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதியவர்களுக்கு அது மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது பழக்க அடிமைத்தனத்தை. ஓயாமல் ஒலிபெருக்கி அலறும் தெருவில் குடியிருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வதுபோல, இரவு தவறாமல் மாத்திரை வரும்போது மூளை தன் ஏற்பிகளின் கூர்மையைக் குறைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் அதே மாத்திரைக்குப் பழைய வேகம் இருப்பதில்லை. கால் மில்லிகிராம் அரையாகிறது, அரை ஒன்றாகிறது. ஒருநாள் அட்டை தீர்ந்துபோய் மாத்திரை இல்லாமல் படுத்தால், தூக்கம் முன்பு இருந்ததைவிட மோசமாகிறது. நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, கை நடுங்குகிறது. அப்போது அவர் என்ன முடிவுக்கு வருகிறார்? என் நோய் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது என்ற முடிவுக்கு வருகிறார். அவர் அனுபவிப்பது பழைய நோயை அல்ல; மாத்திரை விலகும்போது வரும் எதிர்விளைவை. இந்த ஒரு தவறான புரிதல்தான் மனிதர்களைப் பத்து வருடம், இருபது வருடம் கட்டிவைக்கிறது. 2020-இல் பென்சோடயசெபைன் மருந்துகள் அனைத்துக்கும் அடிமைத்தனம் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கை அமெரிக்காவில் கட்டாயமானது.

நம் ஊரில் இது எப்படித் தொடங்குகிறது? பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் தொடங்குகிறது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது தூக்கம் வரவில்லை என்று ஒரு மாத்திரை எழுதுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டிலும் அது ஏறிக்கொள்கிறது. அடுத்துப் பார்க்கும் மருத்துவர், முன்பே இருப்பதுதானே என்று தொடர்கிறார். பிறகு பழைய அட்டையைக் காட்டினாலே கடையில் கிடைக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் முதலியவை 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதிக் கொடுத்தார், யாருக்கு, எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் சிவப்புக் கட்டம் அதற்கான எச்சரிக்கை. இங்கே வந்திருக்கும் மருந்துக்கடை நண்பர்களே, தெரிந்தவர்தானே என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பத்து மாத்திரை அவருக்குச் செய்யும் உதவியாகாது.

இப்போது ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, நீண்ட நாளாக மாத்திரை சாப்பிடும் யாரும் இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளிலிருந்து விடுபடுவதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். அவசரமின்றி, சிறிது சிறிதாக, நோயாளி தாங்கும் வேகத்தில் குறைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. 2025-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியும், இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் குறைக்கத் தொடங்கலாம் என்கிறது. உங்கள் மருத்துவரின் மேற்பார்வையில், மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை இது. நடுவே ஓர் இரவு தூக்கம் கெட்டால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பென்சோடயசெபைன்களை நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த 65 வயதைத் தாண்டிய 303 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு சிறு கையேடு மட்டும் அனுப்பினார்கள். மாத்திரையின் ஆபத்துகளும், படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையும் அதில் இருந்தன. ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம் பேர். உண்மையை மரியாதையோடு எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் தாங்களே முடிவெடுப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் தூக்கத்துக்கு என்ன வழி? வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதம் தொடர்ந்து தூக்கம் கெட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். முதலில் அதன் காரணத்தைத் தேட வேண்டும். மனச்சோர்வா, மூட்டு வலியா, தைராய்டா, மூச்சுத்திணறலா, மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியா? காரணம் இருந்தால் அதற்கு வைத்தியம். அதன்பிறகும் நீடித்தால், அறிதல்-நடத்தைச் சிகிச்சைதான் முதல் மருத்துவம் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவித்தது. மாத்திரை அதற்கு அடுத்த இடத்தில்தான்.

பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படை எளிது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போங்கள். இருபது நிமிடம்போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். படுக்கையில் தொலைக்காட்சி, கைப்பேசி, வீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் மட்டுமே தூங்குகிறவர், சிறிது காலம் படுக்கும் நேரத்தையே சுருக்கிக்கொண்டு, தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு கால் மணி கால் மணியாகக் கூட்டுவார். இந்தப் பகுதியை மட்டும் மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும். வலிப்பு நோயும் தீவிர மனநோயும் உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது. முதல் இரண்டு வாரம் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் அதன் பலன் நிலைக்கிறது. மாத்திரையால் அது முடியாது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நூறு மாத்திரைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். தூக்கமின்மைக்குப் பின்னால் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இருக்கிறதா என்று அன்போடு கேளுங்கள். இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரத்திலும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்தமுறை யாராவது தூக்க மாத்திரை எழுதினால், சீட்டை மடிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர், இது எதற்காக? இதை நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு சேர்க்கலாமா? என்றைக்கு நிறுத்த வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான விடையைத் தேதியாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார் என்று அஞ்ச வேண்டாம். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள், எப்போதிலிருந்து குறைக்கத் தொடங்கலாம் என்று கேளுங்கள். என் சக மருத்துவர்களுக்கும் இதுதான் வேண்டுகோள்: மாத்திரை தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் எழுதுங்கள். அதற்கு ஒரு வரி போதும்; செலவும் இல்லை. 1988-இலேயே தெரிந்துவிட்ட உண்மையை நம் நோயாளிகள் இன்னும் விழுந்தும் மறந்தும் நடுங்கியும்தான் கற்க வேண்டும் என்பதில்லை.